லண்டனிலிருந்து பாரிஸுக்கு: இரவுப் பேருந்தா, யூரோஸ்டாரா?

லண்டனிலிருந்து பாரிஸ் சாலைவழியே ஏறத்தாழ 460 கிலோமீட்டர். யூரோஸ்டார் ரயில் சுமார் 2 மணி 20 நிமிடத்தில் போய்ச் சேர்கிறது. பேருந்துக்கு எட்டு முதல் பத்து மணி நேரம் பிடிக்கிறது. இதை மட்டும் பார்த்தால் ஒப்பிடவே ஒன்றும் இல்லை. ஆனால் பாரிஸில் தமிழ்க் கடைகள் நிறைந்த லாச்சப்பலில் இருக்கும் பெரியம்மா வீட்டு விசேஷத்துக்கு வியாழக்கிழமை அழைப்பு வந்து, வெள்ளி இரவே புறப்பட வேண்டியவர், ரயிலில் ஒருவழிக் கட்டணமே 200 பவுண்டைத் தாண்டி நிற்பதைப் பார்த்ததும் பேருந்துப் பக்கம் திரும்புகிறார். இரண்டிலும் பலமுறை போய்வந்தவன் என்ற முறையில் சொல்வதானால், பேருந்து மலிவு என்பது உண்மைதான். எந்த நாளில், யாருக்கு மலிவு என்பதில்தான் பலருடைய கணக்கு பிழைத்துப்போகிறது.

பல வாரங்களுக்கு முன்பே நாள் குறித்துவிட்டவருக்கு விலை வித்தியாசம் அவ்வளவு பெரிதல்ல. யூரோஸ்டாரின் மிகக் குறைந்த கட்டணம் 40, 50 பவுண்டு அளவில் கிடைக்கும். அதே நாளின் பேருந்து அதில் பாதிக்குச் சற்று மேலோ கீழோ இருக்கும். மிச்சமாகும் அந்த இருபது பவுண்டுக்காக ஓர் இரவுத் தூக்கத்தை விடுவது எனக்குச் சரியாகப் படவில்லை. கடைசி நேரத்தில் நிலைமை தலைகீழாகிவிடுகிறது. ரயில் கட்டணம் நான்கைந்து மடங்காக ஏற, பேருந்துக் கட்டணமும் ஏறத்தான் செய்கிறது என்றாலும் அந்த வேகத்தில் ஏறுவதில்லை. பேருந்தின் உண்மையான பலம் இந்த இடத்தில்தான் இருக்கிறது.

நேரம் ஏன் இவ்வளவு ஆகிறது என்பதற்குக் காரணங்கள் உண்டு. பேருந்துகளின் உச்ச வேகம் மணிக்கு 100 கிலோமீட்டர்தான். ஓட்டுநர் நாலரை மணி நேரம் ஓட்டினால் 45 நிமிடம் ஓய்வெடுத்தே ஆக வேண்டும் என்பது சட்டம். வண்டியிலுள்ள பதிவுக் கருவி அதைக் குறித்துக்கொண்டே வருவதால் யாரும் கெஞ்சிக் குறைத்துவிட முடியாது. இவற்றுக்கு நடுவே கடல் இருக்கிறது. ஃபோக்ஸ்டன் வழியாகப் போகும் பேருந்து அப்படியே ரயிலுக்குள் ஏற்றப்பட்டு, 1994இல் திறக்கப்பட்ட கடலடிச் சுரங்கத்தின் வழியே 35 நிமிடத்தில் அக்கரை சேரும்; பயணி தன் இருக்கையிலேயே இருக்கலாம். டோவர் துறைமுகம் வழியாகப் போனால் கப்பல். பிரான்ஸ் கரையிலுள்ள கலே வரை ஒன்றரை மணி நேரம். கப்பல் புறப்படுமுன் எல்லாரும் பேருந்தைவிட்டு இறங்கி மேல்தளத்துக்குப் போய்விட வேண்டும். ஒரே நிறத்தில் ஏழெட்டுப் பேருந்துகள் வரிசையாக நிற்கும். திரும்பி வரும்போது எந்தத் தளம், எந்த வண்டி என்று தெரியாமல் தூக்கக் கலக்கத்தில் அலைபவர்களை ஒவ்வொரு பயணத்திலும் பார்க்கிறேன். இறங்கும்போதே தளத்தின் எண்ணையும் வண்டியின் இலக்கத் தகட்டையும் கைபேசியில் படம் எடுத்துக்கொள்வது நல்லது.

உண்மையான வேறுபாடு எல்லைச் சோதனையில் இருக்கிறது. 2003ஆம் ஆண்டின் லெ டூக்கே ஒப்பந்தத்தின்படி பிரெஞ்சுக் காவலர்கள் டோவரிலும், பிரித்தானிய அதிகாரிகள் கலேயிலும் சோதனை நடத்துகிறார்கள். யூரோஸ்டாரிலும் அப்படித்தான், லண்டன் செயின்ட் பான்கிராஸ் நிலையத்தில் ஏறும் முன்பே பிரெஞ்சுச் சோதனை முடிந்துவிடும். ஆனால் ரயிலில் ஒருவர் தாமதித்தால் அவர் மட்டும்தான் தாமதிக்கிறார். பேருந்தில் ஐம்பது பேரும் சோதனை முடித்துத் திரும்பும்வரை வண்டி நகராது. நள்ளிரவு ஒரு மணிக்கு வெள்ளை விளக்கு வெளிச்சத்தில், ஒரு கையில் கடவுச்சீட்டும் மறுகையில் தூங்கும் குழந்தையுமாக நிற்கும் வரிசையை மனத்தில் கொண்டுதான் சீட்டு வாங்க வேண்டும். 2023 ஏப்ரல் தொடக்கத்தில், ஈஸ்டர் விடுமுறைக்கு முந்தைய வார இறுதியில், டோவரில் பேருந்துகள் பத்து மணி நேரத்துக்கும் மேலாகத் தேங்கி நின்றன. 2025 அக்டோபர் 12 முதல் படிப்படியாக நடைமுறைக்கு வந்த புதிய ஐரோப்பிய எல்லைப் பதிவு முறையின்படி, பிரித்தானியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்கள் முகப்படமும் கைரேகையும் கொடுக்க வேண்டும்; பன்னிரண்டு வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்குக் கைரேகை இல்லை.

தாமதத்துக்கான ஈட்டுத்தொகையிலும் ரயிலே மேல். ரயில் ஒரு மணி நேரம் பிந்தி வந்தால் கட்டணத்தில் 25 சதவீதமும், இரண்டு மணி நேரத்துக்கு மேல் போனால் பாதியும் கேட்டு வாங்கலாம். பேருந்து விதிகளோ புறப்பாட்டைத்தான் கணக்கில் எடுக்கின்றன: இரண்டு மணி நேரத்துக்கு மேல் புறப்படாவிட்டால் பணத்தைத் திரும்பப் பெறலாம், அல்லது வேறு வண்டியில் போகலாம். நேரத்துக்குப் புறப்பட்டு டோவரில் மாட்டிக்கொண்ட பயணிக்கு அந்த விதியில் ஒன்றும் இல்லை.

சாமான் விஷயத்தில்தான் நம்மவர்கள் அதிகம் ஏமாறுகிறார்கள். பேருந்தில் எவ்வளவும் ஏற்றலாம் என்பது பழைய காலத்து எண்ணம். ஃபிளிக்ஸ்பஸ் பேருந்து நிறுவனத்தின் சீட்டுக்கு 20 கிலோவுக்குள் ஒரு பெட்டியும் சிறிய கைப்பை ஒன்றும்தான். கூடுதல் பெட்டிக்குத் தனிக்கட்டணம். யூரோஸ்டாரில் இரண்டு பெரிய பெட்டிகளும் ஒரு கைப்பையும் கொண்டுபோகலாம், எடை பார்ப்பதில்லை. தூக்கி ஏற்றும் பலம் மட்டும் நமக்கு இருக்க வேண்டும். எதில் போனாலும் பிரித்தானியாவிலிருந்து இறைச்சியும் பால்பொருளும் பிரான்ஸுக்குள் கொண்டுபோக 2021 முதல் அனுமதி இல்லை. அம்மா கட்டிக்கொடுத்த ஆட்டிறைச்சி ரோல்ஸைக் கலேக்கு முன்பே சாப்பிட்டு முடித்துவிட வேண்டும். அதில் யாருக்கும் சிரமம் இருப்பதாகத் தெரியவில்லை.

இறங்கும் இடமும் சாதாரண விஷயமல்ல. ரயில் கார் டு நோர் நிலையத்தில் விடுகிறது. அங்கிருந்து லாச்சப்பல் கடைத்தெரு பெட்டியை இழுத்துக்கொண்டே நடக்கும் தூரம். பேருந்துகளில் பெரும்பாலானவை நகரின் தென்கிழக்கிலுள்ள பெர்சி சேன் நிலையத்துக்கு வருகின்றன. பூங்காவுக்கு அடியில், தாழ்ந்த கூரையும் மங்கிய வெளிச்சமுமாக இருக்கும் அந்த இடத்தில் காலை ஏழு மணிக்கு இறங்குவது பாரிஸுக்கு நல்ல அறிமுகம் அல்ல. அங்கிருந்து ஆறாம் மெட்ரோவில் நாசியோன், பிறகு இரண்டாம் மெட்ரோவில் லாச்சப்பல் என்று போக வேண்டும்.

விமானத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. சீட்டு மலிவாகக் கிடைக்கலாம். லண்டனுக்கு வெளியே லூட்டன் விமான நிலையத்துக்குப் போகும் செலவும், பாரிஸின் சார்ல் டி கோல் விமான நிலையத்திலிருந்து நகருக்குள் வர 2025 கட்டணப்படி 13 யூரோவும் சேர்ந்தால் மலிவு கரைந்துவிடும். நியூஹேவனிலிருந்து தியெப்புக்கு நான்கு மணி நேரக் கப்பல் ஏறி, ரூவான் வழியாக ரயிலில் போவது அழகான வழி. அவசரம் இல்லாதவர்களுக்கு மட்டும்.

பிள்ளைகளோடு போகும் குடும்பத்துக்கும் முழங்கால் வலியுள்ள பெரியவர்களுக்கும் பேருந்தை நான் சொல்ல மாட்டேன்; அவர்கள் முன்கூட்டியே ரயில் சீட்டு எடுக்கட்டும். தனியாகப் போகும் இளையவர், ஒரு பெட்டி, திடீர்ப் பயணம் என்றால் இரவுப் பேருந்தே சரி. விடுமுறைக்கு முந்தைய வெள்ளிக்கிழமையாக இல்லாத பட்சத்தில். யூரோஸ்டார் ஒருவழிச் சீட்டும் தருவதால் இரண்டையும் கலக்கவும் முடியும். போன ஆவணியில் பாரிஸ் மாணிக்க விநாயகர் கோயில் தேருக்குப் போனபோது இரவுப் பேருந்தில் போய், செவ்வாய் மதியம் கூட்டம் குறைந்த ரயிலில் திரும்பினேன். அன்று மாலையே வேலைக்கும் போக முடிந்தது.