துத்தநாகமும் உப்புக் காற்றும்: ஹெலிகாப்டர் மாடல்களோடு 12 ஆண்டுகள்

குளச்சலில் அவுட்போர்டு இன்ஜின் வேலை பார்க்கிறேன். வள்ளத்தில் மாட்டுகிற இன்ஜின்களில், தண்ணீருக்குள் முங்கிக் கிடக்கும் பகுதியில் துத்தநாகக் கட்டி ஒன்று இருக்கும். 'ஜிங்க்' என்போம். அரிபட்டுக் கரைவதுதான் அதன் வேலை. உப்புத்தண்ணீர் முதலில் அதைத் தின்னும், அது இருக்கும் வரைக்கும் இன்ஜினின் அலுமினிய உடம்பு தப்பிக்கும். பாதி கரைந்ததும் கழற்றிவிட்டுப் புதுசு போடுவோம்.

என் அலமாரியில் நிற்கும் ராணுவ ஹெலிகாப்டர் மாடல்களின் உடம்பும் அதே உலோகம்தான். டைகாஸ்ட், அதாவது அச்சில் வார்த்த உலோக மாடல் என்றால் பெரும்பாலும் ஜமாக் என்கிற கலவை. அதில் ஏறக்குறைய 96 பங்கு துத்தநாகம், 4 பங்கு அலுமினியம். கையில் எடுத்தால் கனக்கும், தட்டினால் உலோகச் சத்தம் வரும், ஆயுசுக்கும் இருக்கும் என்று தோன்றும். கடலிலிருந்து அரை கிலோமீட்டரில் இருக்கிற வீட்டில் அப்படி இராது என்பதை மூன்று வருஷம் கழித்துத்தான் புரிந்துகொண்டேன். கடலோரத்தில் இதைச் சேர்க்க நினைப்பவர்களுக்கு இந்த அனுபவம் உதவட்டும்.

2013-ல் துபாயிலிருந்து ஊருக்கு வந்த அத்தான் ஒரு சினூக் கொண்டுவந்தார். 1:72 அளவு, அதாவது நிஜத்தில் 72-ல் ஒரு பங்கு. டிவி மேசையில் வைத்த அன்றைக்கு இரவு வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். தலைக்கு மேலே சுற்றும் பெரிய விசிறிதான் ரோட்டர். சினூக்கில் முன் ரோட்டரும் பின் ரோட்டரும் எதிரெதிர்த் திசையில் சுற்றும், அதனால் வாலுக்குத் தனி விசிறி வேண்டாம். மாடலைக் கழற்றி மாட்டும்போது இதை மறந்தால் தப்பாகிவிடும். முன்பக்க பிளேடின் தடித்த விளிம்பு ஒரு பக்கம் இருந்தால், பின்பக்கத்தில் அது மறுபக்கம் இருக்கும். மாற்றி மாட்டிய சினூக்குகளை விற்பனைப் படங்களிலேயே பார்த்திருக்கிறேன். அப்போது நம் விமானப்படையிடம் சினூக் கிடையாது. 2019 மார்ச் 25-ல் சண்டிகரில் அதைச் சேர்த்த செய்தி வந்தபோது, வீட்டில் ஆறு வருஷமாக நின்றுகொண்டிருந்த பிள்ளைக்கு வேலை கிடைத்த மாதிரி சந்தோஷப்பட்டேன்.

அப்புறம் கை நிற்கவில்லை. ஹாபி மாஸ்டர் கம்பெனியின் அப்பாச்சி, கோர்கி கம்பெனியின் சீ கிங், பழைய பொருளாகக் கிடைத்த சில அமெர்காம் மாடல்கள் என்று நான்கு வருஷத்தில் 26 சேர்ந்துவிட்டன. ஒன்று மட்டும் ஆரம்பத்திலேயே சரியாகச் செய்தேன். அளவை மாற்றவில்லை, எல்லாமே 1:72. ஒரே அளவில் இருந்தால்தான் சின்ன சேத்தக் ஹெலிகாப்டர் பக்கத்தில் ரஷ்ய எம்.ஐ-8 எவ்வளவு பெரிய மிருகம் என்று கண்ணுக்குத் தெரியும். வெவ்வேறு அளவுகளைக் கலந்து வைத்த அலமாரி எனக்குப் பொம்மைக் கடையாகத்தான் தெரிகிறது.

அலமாரியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் புதிதாக வருகிறவர்கள் காசை இழக்கும் இடம் இது. உடம்பின் நீளத்தை அளந்து தட்டு அடிக்கிறார்கள். அளக்க வேண்டியது ரோட்டரை. எம்.ஐ-8, எம்.ஐ-17 இரண்டுக்கும் ரோட்டரின் விட்டம் 21.29 மீட்டர், 1:72-ல் அது 29.6 செ.மீ. அப்பாச்சிக்கு 14.63 மீட்டர், மாடலில் 20 செ.மீ.க்குச் சற்று மேல். அப்பாச்சிக்கு நாலு பிளேடு என்பதால் பெருக்கல் குறி மாதிரித் திருப்பி வைத்தால் 15 செ.மீ. ஆழத்திலேயே அடங்கிவிடும். எம்.ஐ-8-க்கு ஐந்து பிளேடு. எப்படித் திருப்பினாலும் 27 செ.மீ. கேட்கும். முதல் அலமாரியை 25 செ.மீ. ஆழத்தில் அடித்துவிட்டதால் என் எம்.ஐ-8 இரண்டு வருஷம் பெட்டிக்குள்ளேயே கிடந்தது. எம்.ஐ-26 மேல் ஆசைப்படுகிறவர்கள் முதலில் சுவரை அளந்துகொள்ளுங்கள். 32 மீட்டர் ரோட்டர், 44 செ.மீ.

2016 ஆனி மாதச் சாரலில்தான் அந்த வெள்ளைப் பொடியைப் பார்த்தேன். சக்கரக் கால்களின் இடுக்கு, அடிப்பக்கத் திருகுகளைச் சுற்றி, வால் சேரும் கோடு என்று பெயிண்ட் மெலிந்திருந்த இடமெல்லாம். இன்ஜினில் கழற்றிய ஜிங்க்கின் மேல் தினமும் பார்க்கிற அதே பொடி. கடைக்குப் போய்ப் பழைய ஜிங்க் ஒன்றை எடுத்து வந்து பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். சந்தேகமே இல்லை.

இதில் இரண்டு வகை உண்டு, இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. மேலாக வரும் பொடி, உப்பும் ஈரமும் செய்கிற வேலை. அதைத் துடைத்து நிறுத்திவிடலாம். மற்றது உள்ளிருந்து வருவது. வார்க்கும்போது கலவையில் ஈயம் போன்ற கலப்படம் சேர்ந்துவிட்டால் உலோகம் உள்ளுக்குள்ளேயே அரிந்து, வீங்கி, வெடிக்கும். சூடும் ஈரமும் அதை வேகப்படுத்தும். மருந்து கிடையாது. என்னிடம் இருந்த ஒரு மாடலின் வால் இப்படித்தான் தலைமுடி அளவுக்குக் கீறல் விட்டு, ஒரு வருஷத்தில் நகம் நுழையும் அளவுக்குப் பிளந்தது. கதவு மூடவில்லை என்றாலோ, உடம்பின் இரண்டு பாதிக்கும் நடுவே புதிதாக இடைவெளி தெரிந்தாலோ பழைய மாடலை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

சரி, உப்புதான் எதிரி என்றால் உப்பில்லாத இடத்துக்குக் கொண்டுபோவோம் என்று 2018-ல் பதிமூன்று மாடல்களை மனைவி வீட்டுக்கு, குலசேகரத்துக்கு மாற்றினேன். மலையடிவாரம், சுற்றிலும் ரப்பர் தோட்டம். அங்கே வெள்ளைப் பொடி வரவில்லை. ஆனால் மழை நின்றபாடில்லை. இரண்டே மாதத்தில் அட்டைப் பெட்டிகளில் பூசணம், மங்கலான பச்சை பெயிண்ட் மேலேயும் சாம்பல் புள்ளிகள். இன்னொன்றை நான் எதிர்பார்க்கவே இல்லை. ஜன்னலுக்கு அந்தப் பக்கம்தான் ரப்பர் ஷீட் அடிக்கும் கொட்டகை. பாலை உறைய வைக்க ஃபார்மிக் ஆசிட் ஊற்றுவார்கள். அந்த ஆவி துத்தநாகத்துக்கு ஆகாது. ஜன்னலோரம் இருந்த மூன்று மாடல்களில் மட்டும், பெயிண்ட் இல்லாத உலோகப் பகுதிகள் கறுத்துப் போயிருந்தன. அத்தை தினமும் முந்தானையால் தூசி தட்டிப் பார்த்துக்கொண்டார், "மக்களே, எண்ணெய் போட்டுத் துடைக்கட்டா" என்று போனில் கேட்டார். நல்லவேளை, போடும் முன்பே கேட்டார். அடுத்த வருஷமே எல்லாவற்றையும் திரும்பக் கொண்டுவந்தேன்.

ஆக ஊரை மாற்றிப் பயனில்லை, அலமாரிக்குள் இருக்கும் காற்றைத்தான் மாற்ற வேண்டும். இரண்டாவது அலமாரியைப் பழைய அயனிப் பலகையில் ஆசாரி செய்து கொடுத்தார். பழைய பலகைதான் வேண்டும் என்று நான் பிடிவாதமாக நின்றதற்குக் காரணம் உண்டு. புதுப் பலகை, பிளைவுட் பசை, மரத்தூளை அழுத்திச் செய்த எம்.டி.எஃப். பலகை எல்லாமே மாதக்கணக்கில் அமில ஆவி விடும். மூடிய கண்ணாடிக்குள் அது உலோகத்தின் மேல்தான் போய் உட்காரும். என் முதல் அலமாரி பிளைவுட். கதவைத் திறந்தால் அடித்த அந்த வாசனையை அப்போது புது அலமாரியின் வாசனை என்று நினைத்து ரசித்தேன்.

புதியதில் கதவைச் சுற்றி ரப்பர் பட்டை, ஒவ்வொரு தட்டிலும் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் ஒரு டப்பா, நடுத்தட்டில் ஈரப்பத மானி. முள் 50 சதவீதத்தைத் தாண்டாமல் பார்த்துக்கொள்கிறேன். நம் மாவட்டத்துக்கு இரண்டு மழைக்காலம் என்பதால் ஜூன் தொடங்கி டிசம்பர் வரை இருபது நாளுக்கு ஒருமுறை ஜெல்லை வறுத்து எடுக்க வேண்டியிருக்கிறது. நிறம் மாறினால் ஈரம் குடித்துவிட்டது என்று அர்த்தம். வெயிலில் காயவைத்தால் காணாது, இரும்புச் சட்டியில் சிறு தீயில் வறுக்க வேண்டும். அந்தச் சட்டியைச் சமையலுக்குத் திரும்ப எடுக்காதீர்கள். பூச்சிக்கு என்று அந்துருண்டையையும் உள்ளே போட்டுவிடாதீர்கள். ஸ்டாண்டுகள் பல பாலிஸ்டைரீன் பிளாஸ்டிக், அந்துருண்டையின் ஆவியில் இளகிவிடும். மாடலோடு வரும் ஸ்பாஞ்சையும் வாங்கிய வாரமே எடுத்துவிடுங்கள். நம் ஊர்ப் புழுக்கத்தில் சில வருஷத்தில் பொடிந்து பெயிண்டோடு ஒட்டிக்கொள்ளும்.

துடைப்பதற்குக் குழாய்த்தண்ணீர் ஆகாது, எங்கள் பக்கம் கிணற்றிலேயே உப்பு. பேட்டரிக்கு ஊற்றும் காய்ச்சி வடித்த தண்ணீரில் பஞ்சை நனைத்துப் பிழிந்து ஒற்றி எடுப்பேன், பிறகு மென்மையான தூரிகை. அடிப்பக்கத்துக்கும் திருகுகளுக்கும் மெல்லிசாக மெழுகு. பளபளப்பில்லாத ராணுவப் பெயிண்டில் மெழுகு பட்டால் திட்டாக மினுங்கும், அதனால் மேலே தொடுவதில்லை. துருப்பிடித்த திருகுகளுக்குப் பதில் ஸ்டெயின்லெஸ் போட்டேன். தொழில் தெரிந்த நானே ஒன்றை விட்டுவிட்டேன்: ஸ்டெயின்லெஸ்ஸும் துத்தநாகமும் ஈரத்தில் தொட்டுக்கொண்டால் துத்தநாகம்தான் அரிபடும். அடுத்த மழைக்காலத்திலேயே திருகுத் துளையைச் சுற்றிப் பொடி. இப்போது ஒவ்வொரு திருகையும் கிரீஸில் தோய்த்துத்தான் போடுகிறேன். ஐந்து வருஷமாகத் தொந்தரவு இல்லை.

பிளேடுகள் பெரும்பாலும் பிளாஸ்டிக். நிஜ ஹெலிகாப்டரிலும் நிறுத்தி வைத்திருக்கும்போது பிளேடு நுனி தாழ்ந்துதான் இருக்கும், அது அழகு. கோணலாக முறுக்கிக்கொண்டால் மட்டும் கழற்றி, கை பொறுக்காத சூட்டில் இருக்கும் தண்ணீரில் முக்கி, நேராக்கி, உடனே பச்சைத்தண்ணீரில் விடுங்கள்.

வாங்குவதில் ஒரு எச்சரிக்கை. எம்.ஐ-17 என்று சொல்லி எம்.ஐ-8-ஐ எனக்கு ஒருவர் விற்றார். வாலைப் பார்த்தால் போதும். எம்.ஐ-8-ன் வால் விசிறி வலப்பக்கம், எம்.ஐ-17-ல் இடப்பக்கம். ரோட்டர் அளவு ஒன்றேதான் என்பதால் தூரத்துப் படத்தில் ஏமாந்துவிடுவோம். விலையைப் பொறுத்தவரை, பொம்மைகளுக்கான இறக்குமதி வரி 2020-ல் 20 சதவீதத்திலிருந்து 60 ஆகவும், 2023-ல் 70 ஆகவும் ஏறிய பிறகு வெளிநாட்டிலிருந்து நேரடியாக வரவழைப்பதை விட்டுவிட்டேன். உள்நாட்டில் சேகரிப்பவர்களிடம் கைமாற்றாக வாங்குகிறேன்.

26 இருந்தது இப்போது 11. கொடுத்ததற்கு விலை காரணமில்லை. 2017 நவம்பர் 30 எங்கள் மாவட்டத்தில் யாருக்கும் மறக்காது. ஒக்கி புயல். மரங்கள் விழுந்து பல நாள் கரண்ட் இல்லை. தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை என்று மேற்குக் கரை ஊர்களில் கடலுக்குப் போனவர்களைக் காணவில்லை. கடற்படை, கடலோரக் காவல்படை, விமானப்படை ஹெலிகாப்டர்கள் தேடின. சத்தம் கேட்கும்போதெல்லாம் கரையில் நின்ற பெண்கள் தலையைத் தூக்கிப் பார்த்தார்கள். நானும் பார்த்தேன், ஆனால் அன்றைக்கு அது சீ கிங்கா, நம் நாட்டிலேயே செய்கிற துருவ் ஹெலிகாப்டரா என்று யோசிக்க மனசு வரவில்லை. ஒக்கி மீட்புக்காக சௌர்ய சக்ரா வீர விருது பெற்ற கடற்படை கேப்டன் பி. ராஜ்குமார், அடுத்த ஆகஸ்டில் கேரள வெள்ளத்தின்போது சீ கிங்கில் போய் ஒரு வீட்டு மாடியிலிருந்து 26 பேரைத் தூக்கினார். அதைப் படித்த பிறகு அலமாரி முன்னால் வெகுநேரம் நின்றேன். எங்கள் ஆட்களைத் தேடிப் பறந்த வகைகளை, நம் படைகளில் இருக்கும் வகைகளை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை ஒவ்வொன்றாகக் கொடுத்துவிட்டேன். துருவ் மட்டும் டைகாஸ்ட்டில் எனக்கு அகப்படவில்லை. ரோட்டர் 13.2 மீட்டர், ஆக 18.3 செ.மீ. என்று கணக்குப் போட்டுக் கொடுத்தேன், ஆசாரி மிச்சமிருந்த அயனியில் செதுக்கித் தந்தார். என் அலமாரியில் ஜிங்க் கவலை இல்லாத ஒரே ஹெலிகாப்டர் அதுதான்.

கோர்கியின் சீ கிங் பிரிட்டிஷ் விமானப்படையின் மீட்பு ஹெலிகாப்டர், மஞ்சள் நிறம். நம் கடற்படையின் சீ கிங் 42பி சாம்பல். பெயிண்ட் மாற்றச் சொல்கிறவர்கள் உண்டு. வகை வேறு, உள்ள விவரங்களும் வேறு, நிறத்தை மட்டும் மாற்றினால் இரண்டுக்கும் பொய்யாகிவிடும் என்று அப்படியே விட்டிருக்கிறேன்.

போன வருஷம் இன்ஜின் கொடுக்க வந்த பெரியவர் ஒருவர் வீட்டுக்குள் வந்தார். ஒக்கியில் இரண்டு நாள் தண்ணீரில் கிடந்தவர். அலமாரியைப் பார்த்ததும் நேரே சீ கிங்கிடம் போனார். எடுத்துக் கையில் கொடுத்தேன். வலப்பக்கக் கதவில் விரலை வைத்து, "நிறம்தான் வேற. இது வழியாத்தான் மக்கா என்னத் தூக்கிப் போட்டாவ" என்றார். கதவுக்கு மேலே இருந்த, கயிற்றில் ஆளைத் தூக்கும் சிறிய விஞ்சைத் தடவிப் பார்த்துவிட்டு, "கயிறு எங்க?" என்று கேட்டார்.

மாடலில் கயிறு கிடையாது. அன்றிரவு மெல்லிய தங்கூஸ் நரம்பு, தூண்டிலுக்குப் போடுவது, ஒன்றைக் கறுப்பாக்கி விஞ்சில் கட்டித் தொங்கவிட்டேன். இன்ஜின் எடுக்க வந்தபோது அவரிடம் காட்டினேன். தலையைச் சாய்த்துக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"காணாது மக்கா. இன்னும் நீளம் வேணும்."