மேலூர் பஸ்ஸா, டெல்லி ரயிலா? சட்ட மாணவர்களின் லீவுக் கேள்வி

ஏப்ரல் வந்தாலே ஜூனியர்கள் ஆரம்பித்துவிடுவார்கள். "அண்ணே, லீவுக்கு எங்க போறது? சேவை மாதிரியும் இருக்கணும், கத்துக்கிட்ட மாதிரியும் இருக்கணும்." மதுரையில் படிக்கிறவர்களுக்குப் பெரும்பாலும் மூன்று வழிகள்: டெல்லியில் தேசிய மனித உரிமை ஆணையத்தின் பயிற்சி, உள்ளூரில் ஏதாவது ஒரு மனித உரிமை அமைப்பு, இல்லையென்றால் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் சட்டத் தன்னார்வலர், அதாவது பி.எல்.வி. நான் பின்னால் சொன்ன இரண்டையும் செய்து பார்த்து, கடைசியில் பி.எல்.வி.யிலேயே தங்கிவிட்டேன். அதனால் என் பேச்சு அந்தப் பக்கம் சாயும், இப்போதே சொல்லிவிடுகிறேன்.

டெல்லிக்கு நான் போனதில்லை. போய்வந்த நண்பன் சொன்னதுதான்: ஆணையம் எப்படி நடக்கிறது என்று பார்க்கலாம், சான்றிதழுக்கு மரியாதை உண்டு, தங்குவதற்கும் சாப்பாட்டுக்கும் கையைக் கடிக்கும். வசதி இருந்தால் போய்வரலாம்.

அமைப்பு விஷயம் வேறு. இரண்டாம் ஆண்டில் ஒரு மாதம் இருந்தேன். கள ஆய்வுக்குப் போவது, ஆளுக்கொரு விதமாகச் சொல்வதைத் தேதிவாரியாக அடுக்கி எழுதுவது, எல்லாம் அங்கே பழகியதுதான். முதல் வாரத்திலேயே என் கையால் ஒரு தகவல் உரிமை மனு எழுதி, 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி அனுப்பினேன். பதில் தர சட்டம் கொடுக்கும் அவகாசம் 30 நாள். என் பயிற்சியும் 30 நாள். பதில் வந்ததா, வந்ததை வைத்து யார் என்ன செய்தார்கள், இன்றுவரை எனக்குத் தெரியாது.

என் கணக்கில் இந்த ஒன்றை வைத்துத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். எடுத்த காரியத்தின் முடிவைப் பார்க்க முடிகிறதா?

பி.எல்.வி.க்கு ஒரு பயிற்சி, ஒரு அடையாள அட்டை, சின்ன மதிப்பூதியம், அவ்வளவுதான். எனக்குக் கிடைத்தது மேலூர் பக்கம் ஒரு ஊராட்சி அலுவலகத்தில் சட்ட உதவி மையம். சனிக்கிழமை மாட்டுத்தாவணியில் பஸ் ஏறினால் உலகனேரியில் ஹைகோர்ட் கிளையைத் தாண்டித்தான் போக வேண்டும். ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொள்வேன்.

முதல் சனிக்கிழமையே ஒரு அப்பத்தா மஞ்சப்பையோடு வந்தார். கணவர் இறந்து வாரிசு சான்று கேட்டால் திருப்பித் திருப்பி அனுப்புகிறார்களாம். பையைக் கொட்டிப் பார்த்தால் ரேஷன் கார்டிலும் ஆதாரிலும் கருப்பையா, இறப்புச் சான்றில் கருப்பணன். அவரைத் திருப்பி அனுப்பிய அலுவலகத்தில் இதை ஒருவரும் வாய்விட்டுச் சொல்லவில்லை! 1969-ஆம் ஆண்டு பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டத்தின் 15-வது பிரிவில் பதிவாளரே பிழையைத் திருத்தலாம். அதற்கு மனு, அப்புறம் வாரிசு சான்றுக்குத் திரும்பவும் மனு என்று அவர் ஐந்து தடவை வந்தார், நானும் ஐந்து தடவை இருந்தேன். நாலு பக்கம் எழுதி வைத்திருந்த என் மனு கடைசியில் அரைப் பக்கமாகச் சுருங்கியதும் அந்த ஐந்து தடவையில்தான்.

இன்னொன்றும் அங்கேதான் உறைத்தது. 1987-ஆம் ஆண்டு சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தின் 12-வது பிரிவில் பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், காவலில் இருப்பவர்கள் எல்லாம் வருமானம் பார்க்காமலே இலவச வக்கீலுக்குத் தகுதியானவர்கள். பரீட்சையில் எழுதி மார்க் வாங்கியிருக்கிறேன், ஆனால் ஊரில் அதைக் கேள்விப்பட்டவர் ஒருவர்கூட இல்லை.

குறையும் உண்டு. பார் கவுன்சிலில் பதியும்வரை கோர்ட்டில் நின்று வாதாட முடியாது. சென்னையில் பெரிய அலுவலகத்தில் சேர நினைப்பவருக்கு இந்த அட்டை எவ்வளவு உதவும் என்று என்னால் சொல்ல முடியாது, நான் அங்கெல்லாம் இன்டர்வியூவுக்குப் போனதில்லை. சிறைக்குள் நடக்கும் சட்ட உதவி மையத்துக்கும் நான் போனதில்லை, போனவர்களைக் கேளுங்கள். சனிக்கிழமை என்பதே இல்லாமல் போகும், அதுவும் நிஜம்.

செமஸ்டர் சமயம் இரண்டு வாரம் மையத்துக்குப் போகவில்லை. மூன்றாவது வாரம் போனால் அப்பத்தா எனக்கு முன்னால் வந்து உட்கார்ந்திருக்கிறார். "பரிச்ச முடிஞ்சிருச்சாப்பா?" என்று கேட்டுவிட்டு, பக்கத்து வீட்டுக்காரரின் பட்டாவை மஞ்சப்பையிலிருந்து எடுத்து நீட்டினார்.