வில்லியனூர் விளக்கு என்று நம்பி 18,600 ரூபாய் போச்சு: புதுச்சேரி மக்களே, கவனம்!

இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை. கைவினைப் பொருளை ஆன்லைனில் வாங்கும் முன் எதையெல்லாம் பார்க்க வேண்டும் என்று கடைசியில் சுருக்கமாகச் சொல்கிறேன்.

நாளை மறுநாள் என் மகளுக்கு வளைகாப்பு. தாம்பூலத்தோடு சுடுமண் யானை விளக்கு கொடுக்க ஆசைப்பட்டேன். போனில் ஒரு கைவினைக் கடையின் விளம்பரம் வந்தது. வீடியோவில் ஒரு பெரியவர் சக்கரத்தில் பானை வனைகிறார். கீழே புவிசார் குறியீட்டு முத்திரை, அதாவது ஒரு ஊருக்கே உரிய பொருள் என்று அரசு தருகிற அடையாளம். வில்லியனூர் சுடுமண் வேலைக்கு அந்தக் குறியீடு நிஜமாகவே உண்டு, அதனால் சந்தேகம் வரவில்லை.

விலை கேட்டதும் குரல் பதிவு ஒன்று வந்தது. "நம்ம சங்கராபரணி ஆத்து மண்ணும்மா, மூணு தலைமுறையா செய்யறோம். பொண்ணு நல்லபடியா பெத்துப் பொழைக்கட்டும்." நடுவில் ஒரு சின்ன இருமல். இறந்துபோன என் அப்பா பேசுவது போலவே இருந்தது. இரண்டு தடவை போட்டுக் கேட்டேன். அந்த இருமலில்தான் ஏமாந்தேன்.

பணம் அனுப்பும்போது கடைப் பெயருக்குப் பதில் யாரோ ஒருவர் பெயர் வந்தது. கேட்டால், "எங்க கணக்குப் பார்க்கிற அண்ணன்தான்கா" என்று பதில். சரி என்று அனுப்பிவிட்டேன். 60 விளக்கு, ஒன்று 310, மொத்தம் 18,600 ரூபாய்.

திங்கட்கிழமை பார்சல் வந்தது. ஈரத்துணியால் துடைத்தேன், துணியெல்லாம் செங்காவிச் சாயம். உள்ளே வெள்ளை வெளேரென்று பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ்!

புகார் சொன்னால், "வணக்கம் அக்கா, உங்கள் வருத்தம் புரிகிறது." காலையில் ஒரு பெயரில், மதியம் வேறு பெயரில், ராத்திரி இரண்டு மணிக்கும் அதே வரி. "நீ மனுஷன்தானா?" என்று கேட்டேன். அதற்கும் என் வருத்தம் புரிகிறதாம்! வங்கியில், நீங்களே அனுப்பியது, எங்களால் முடியாது என்று கைவிரித்தார்கள். 18,600 ரூபாய், சீட்டுப் பணம்.

இன்று பஸ் ஏறி வில்லியனூருக்கே போனேன். பக்கத்திலிருக்கிற ஊர், முதலிலேயே போயிருக்கலாம். அங்கே மண் வேலை செய்கிற ஒரு ஐயா விளக்கைச் சுண்டிப் பார்த்தார். சத்தமே இல்லை. தன்னுடையதைச் சுண்டினார், கணீரென்றது. வீடியோவைப் பார்த்து, "பக்கத்துல தண்ணிச் சட்டியே இல்லையேம்மா, கை நனைக்காம எப்படி வனைவாரு?" என்றார். வீடியோ, குரல், இருமல் எல்லாமே கம்ப்யூட்டரில் செய்ததாக இருக்கும் என்கிறார் மருமகன். நிஜமாகவே மண்ணில் உழைக்கிற இந்த ஐயாவின் பிழைப்பையும் சேர்த்தல்லவா திருடுகிறார்கள்!

விவரமாக எழுத நேரமில்லை. கடைப் பெயரும் பணம் போகிற பெயரும் வேறாக இருந்தால் அனுப்பாதீர்கள். வீடியோ காலில் பொருளைக் காட்டச் சொல்லுங்கள். ஏமாந்தால் உடனே சைபர் மோசடிப் புகார் எண் 1930-க்குப் போன் செய்யுங்கள், என்னைப் போல மூன்று நாள் அரட்டையில் கெஞ்சிக்கொண்டிருக்காதீர்கள்.

அந்த ஐயாவிடம் 25 யானை தயாராக இருக்கிறது. மிச்சத்துக்கு அகல் விளக்கு தருகிறேன் என்றார். நாளைக் காலையில் போய் எடுத்து வர வேண்டும்.