தைவானில் வறுத்த ஊலாங் வாங்குகிறவர்கள் கவனத்துக்கு

தைபேயில் சுற்றுலாக்காரர்கள் மொய்க்கும் ஒரு தெருவில், 150 கிராம் டோங் டிங் ஊலாங்குக்கு (பாதி புளிக்கவைத்து, சின்ன உருண்டைகளாகச் சுருட்டி வறுத்த தேயிலை) 1,200 தைவான் டாலர் கொடுத்து நன்றாக ஏமாந்தேன். இங்கே படிக்கவும் வேலைக்கும் வந்திருக்கும் நம் ஆட்கள் ஊருக்குப் போகும்போது தேயிலைதான் வாங்கிப் போகிறார்கள், அதனால் எழுதுகிறேன்.

கடையில் போட்டுக் கொடுத்த டீயில் குறையே இல்லை. வறுத்த பொட்டுக்கடலை வாசம், விழுங்கின பிறகு நாக்கில் வெல்லப்பாகு மாதிரி ஒரு இனிப்பு. ஆனால் அதை ஒரு திறந்த டப்பாவிலிருந்து எடுத்தார்கள், எனக்குக் கொடுத்தது ஒட்டிய பாக்கெட். அங்கேயே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

வீட்டுக்கு வந்து வழக்கம் போல 6 கிராம் இலையைச் சின்ன மூடிக் கிண்ணத்தில் போட்டு, நன்றாகக் கொதித்த தண்ணீரை ஊற்றி முதல் தண்ணீரைக் கொட்டிவிட்டு, அடுத்ததை அரை நிமிடம் வைத்து வடித்தேன். காப்பி டிகாஷன் நிறம். ஒரு மடக்கு குடித்தால் அடிப்பிடித்த பால் வாடை, தொண்டையில் சாம்பல். சரி, இலை கூடிப் போச்சோ என்று 4 கிராம் போட்டுப் பார்த்தேன், நேரத்தைக் குறைத்தும் பார்த்தேன். கசப்பு குறைந்தது, அந்தக் கருகல் மட்டும் போகவே இல்லை. நல்ல டோங் டிங் ஐந்தாறு முறை ஊற்றினாலும் தாங்கும், இது மூன்றாவது முறையே வெறும் வெந்நீர்.

திரும்பப் போய்க் கேட்டதற்கு, "புதுசாக வறுத்தது, ஒரு மாதம் வையுங்கள், நெருப்பு வாசனை அடங்கிவிடும்" என்றார் கடைக்காரர். இதில் பாதி உண்மை என்பதால்தான் நம்பினேன். புதிதாக வறுத்த ஊலாங்கில் அந்தச் சூட்டு வாசம் தூக்கலாக இருக்கும், சில வாரம் மூடி வைத்தால் அடங்கி உள்ளே இருக்கிற இனிப்பு மேலே வரும். ஆறு வாரம் வைத்தேன். ஒரு மாற்றமும் இல்லை.

என்னோடு லேபில் இருக்கும் பெண் நாந்தோ மாவட்டம் லுகு ஊர்க்காரர், டோங் டிங் மலையே அங்கேதான் இருக்கிறது. அவர் டீயைக் குடிக்கக்கூட இல்லை, வடித்த இலையைத் தட்டில் கொட்டி விரலால் பிரித்தார். பாதி உருண்டைகள் விரியவே இல்லை, மிளகு மாதிரி கறுத்துக் கெட்டியாகக் கிடந்தன, நசுக்கினால் கரித்தூள். பக்கத்தில் அவர் வீட்டு இலையைப் போட்டுக் காட்டினார்: அதுவும் வறுத்ததுதான், ஆனாலும் முழு இலையாக விரிந்து, தொட்டால் மெத்தென்று, ஓரத்தில் செம்பழுப்பு. குறைந்த சூட்டில் மணிக்கணக்காக, நடுநடுவே ஆறவிட்டு வறுத்தால்தான் இலை இப்படி இருக்குமாம். பழசாகி வாசம் போன இலையைச் சட்டென்று அதிக சூட்டில் வாட்டி, வறுவல் வாசத்தில் மறைத்து விற்கிறார்கள் என்றார். வியட்நாமிலிருந்து வரும் தேயிலையைத் தைவான் பெயரில் விற்று மாட்டிக்கொண்டவர்களும் இங்கே உண்டு. என்னுடையது எந்த ஊர் இலை என்று அவராலும் சொல்ல முடியவில்லை, அவ்வளவு கரி.

அதிகம் வறுக்காத பச்சை ஊலாங்கில் பழைய இலை உடனே காட்டிக்கொடுத்துவிடும். வறுத்ததில் அப்படித் தெரியாது, அதனால் வாங்கும்போதே பார்த்துவிடுங்கள். நீங்கள் வாங்கப் போகும் பாக்கெட்டையே பிரித்துப் போடச் சொல்லுங்கள், மறுத்தால் எழுந்து வந்துவிடுங்கள். குடித்த பிறகு இலையைக் காட்டச் சொல்லுங்கள், அங்கே யாரும் இதைத் தப்பாக எடுத்துக்கொள்வதில்லை. அப்புறம் ரசீது. நான் அதைத் தூக்கிப் போட்டிருந்தேன், இரண்டாவது முறை புகார் சொல்லப் போனபோது "இது எங்கள் கடை பாக்கெட்டே இல்லை" என்று சொல்லிவிட்டார்கள்.