பழைய ஃபோர்டு தொழிற்சாலை: போகும் முன் தெரிந்துகொள்ள வேண்டிய பத்தாண்டுகள்

சிங்கப்பூரின் அப்பர் புக்கிட் தீமா சாலையிலுள்ள பழைய ஃபோர்டு தொழிற்சாலையில் தேசிய ஆவணக்காப்பகம் போர்க்காலக் காட்சிக்கூடம் ஒன்றை நடத்துகிறது. 1942 பிப்ரவரி 15 மாலை பிரிட்டிஷ் தளபதி பெர்சிவல் ஜப்பானியத் தளபதி யமஷிட்டாவிடம் சரணடைந்து கையெழுத்திட்ட அறை இங்கேதான் இருக்கிறது. குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் நுழைவு இலவசம். டௌன்டவுன் பாதையில் ஹியூம் எம்ஆர்டியில் இறங்கி நடந்தே போய்விடலாம். கட்டடம் மேட்டில் இருப்பதால் பெரியவர்களை அழைத்துப் போகிறவர்கள் டாக்சியில் வாசல்வரை போவது நல்லது.

பலரும் நேரே அந்த அறைக்குப் போய்ப் படமெடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். அங்கிருக்கும் மேசை நகல்தான். அசல் கான்பராவில் ஆஸ்திரேலியப் போர் நினைவகத்தில் இருக்கிறது. அறையைக் கடைசிக்கு வைத்துக்கொண்டு, காட்சிகளுக்கு ஒன்றரை மணி நேரமாவது ஒதுக்குங்கள்.

கூடத்தின் பலம் ஜப்பானிய ஆட்சியின் மூன்றரை ஆண்டுகள். போர் எப்படி இங்குவரை வந்தது என்ற பகுதி அந்த அளவுக்கு ஆழமில்லை. பிள்ளைகளோடு போகிறவர்கள் அதை முன்கூட்டியே சொல்லிக்கொடுத்துவிட வேண்டும்.

சர்வாதிகாரம் என்றதும் ஹிட்லரும் முசோலினியும்தான் நினைவுக்கு வருவார்கள். ஜப்பானில் அப்படி ஒரு தனிமனிதர் எழவில்லை, ராணுவமே ஆட்சியைக் கொஞ்சம் கொஞ்சமாக விழுங்கியது. 1931 செப்டம்பரில், சீனாவின் வடகிழக்கிலுள்ள மஞ்சூரியாவில் நிலைகொண்டிருந்த ஜப்பானின் குவாண்டுங் படை தோக்கியோவின் அனுமதிக்குக் காத்திராமல் அதைக் கைப்பற்ற இறங்கியது. அடுத்த மே மாதம் கடற்படை இளம் அதிகாரிகள் பிரதமர் இனுகாயைச் சுட்டுக் கொன்றார்கள். கட்சி அமைச்சரவைகள் அதோடு முடிந்தன. 1936இல் வந்த விதிதான் மிக முக்கியம்: தரைப்படை, கடற்படை அமைச்சர்கள் பணியிலிருக்கும் அதிகாரிகளாகவே இருக்க வேண்டும். ராணுவம் ஆள் தர மறுத்தால் அமைச்சரவையே அமையாது. 1940இல் கட்சிகள் அனைத்தும் கலைக்கப்பட்டன. 1941 அக்டோபரில் தரைப்படை ஜெனரல் தோஜோ பிரதமரானார்.

ஐரோப்பாவும் இதில் சேர்ந்துகொண்டது. 1940இல் பிரான்ஸும் நெதர்லாந்தும் ஹிட்லரிடம் வீழ்ந்ததும், ஆசியாவில் அவற்றின் குடியேற்ற நாடுகள் காப்பாரற்றுப் போயின. அந்தச் செப்டம்பரில் ஜப்பான் பிரான்ஸ் வசமிருந்த வட இந்தோசீனாவுக்குள் நுழைந்தது. ஜெர்மனி, இத்தாலியோடு முத்தரப்பு ஒப்பந்தமும் செய்துகொண்டது. மறு ஆண்டு ஜூலையில் தென்பகுதியையும் பிடிக்க, அமெரிக்கா எண்ணெய் விற்பனையை நிறுத்தியது. ஜப்பானின் எண்ணெயில் பெரும்பகுதி அங்கிருந்துதான் வந்துகொண்டிருந்தது. மாற்று வழி, டச்சுக்காரர்கள் வசமிருந்த சுமத்ரா, போர்னியோ எண்ணெய்க் கிணறுகள். அந்த வழியில் நின்றது சிங்கப்பூர்க் கடற்படைத் தளம். டிசம்பர் 8 அதிகாலை மலாயாவின் கோத்தா பாருவில் ஜப்பானியப் படை இறங்கியதன் கணக்கு இதுதான்.

இவ்வளவும் தெரிந்தபின் காட்சிகளைப் பார்த்தால் ஒவ்வொன்றும் பேசும். இங்குள்ள சீனர்களைப் பிடித்துக் கொன்ற சுக் சிங் படுகொலையும், ஜப்பானியர் சீனச் சமூகத்திடம் கேட்ட 5 கோடி டாலரும் மஞ்சூரியாவில் சீனாவுக்கு எதிராகத் தொடங்கிய போரின் தொடர்ச்சி. நம் மக்களின் கதையில் இந்திய தேசிய ராணுவம் ஒரு பக்கம், மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்டு சயாம் மரண ரயில்பாதையில் மடிந்த தமிழர்கள் மறுபக்கம். இந்த இரண்டாவது பக்கத்துக்கு எந்தக் காட்சிக்கூடமும் இன்னும் அதிக இடம் தர வேண்டும் என்பது எங்கள் அழுத்தமான கருத்து. அதுவரை, ஆவணக்காப்பகத்தின் வாய்மொழி வரலாற்றுத் தொகுப்பில் தமிழில் பதிவான நேர்காணல்களைத் தேடிக் கேளுங்கள்.