பாளையங்கோட்டையில் ஒரு மிக்ஸி பழுது பார்க்கும் கடை

பழுது பார்க்கும் தொழிலில், மிக்ஸியின் உள்ளே எது போயிற்று, எது மாற்றப்பட்டது, மாற்றிய பாகம் புதியதா பழையதா என்பதெல்லாம் கழற்றியவருக்கு மட்டுமே தெரியும். நாம் நம்பித்தான் பணம் கொடுக்கிறோம். ஒருவருடைய கிறிஸ்தவ விசுவாசம் அன்றாட நடத்தையில் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்பதை அறிய இதைவிடத் தகுந்த இடம் இல்லை என்று கருதுகிறேன். எங்கள் வீட்டார் வழக்கமாகச் செல்லும் சிறு கடை ஒன்றை அந்த நோக்கிலேயே இங்கு மதிப்பிடுகிறேன்.

மேலப்பாளையத்திலிருந்து வந்த வயதான அம்மா ஒருவர், மோட்டார் எரிந்துவிட்டது, வைண்டிங் (மோட்டாருக்குள் இருக்கும் கம்பிச் சுருள்) கட்ட வேண்டும் என்று வேறொரு கடையில் சொன்னார்கள் எனக் கூறித் தம் மிக்ஸியை மேசைமேல் வைத்தார். கடைக்கார அண்ணாச்சி அடிமூடியைக் கழற்றி, மோட்டாரின் சுழலும் பகுதிக்கு மின்சாரத்தைக் கடத்தும் கரித்துண்டுகளான, தேய்ந்து குட்டையாகிப் போயிருந்த கார்பன் பிரஷ் இரண்டையும் எடுத்து, அந்த அம்மாவின் உள்ளங்கையிலேயே வைத்துக் காட்டினார். “வைண்டிங் நல்லாத்தான் இருக்கு பெரியம்மா. பிரஷ் தேஞ்சுபோயிட்டு, அதான் தீப்பொறி அடிச்சிருக்கு. இதை மாத்துனா போதும்” என்றார். வைண்டிங் கட்டுவதாகச் சொல்லிப் பலமடங்கு வாங்கியிருந்தாலும் கேட்பதற்கு அங்கே ஆள் இல்லை. சிறு தொகை வாங்கிக்கொண்டு, தேய்ந்த பிரஷ்களையும் காகிதத்தில் மடித்துக் கொடுத்தார்.

எங்கள் வீட்டு மிக்ஸி உளுந்து அரைக்கையில் திடீரென நின்றபோது, எடுத்து வரச் சொல்லாமல், அடியில் உள்ள சிவப்புப் பொத்தானைச் சிறிது நேரம் ஆறவிட்டு அமுக்கிப் பார்க்கும்படி தொலைபேசியிலேயே சொன்னார், ஓடிவிட்டது. சுமை மிகுந்தால் மோட்டார் எரியாமல் காப்பதற்கென்றே அது வைக்கப்பட்டிருக்கிறது என்ற விளக்கமும் கிடைத்தது, பணம் கேட்கவில்லை.

வேலை பழகும் பையன் ஒருமுறை வாடிக்கையாளர் ஒருவருடைய ஜாரின் கைப்பிடியை உடைத்துவிட்டான். அவர் வந்தவுடன், அவராகக் கவனிப்பதற்கு முன்பே, அண்ணாச்சி உள்ளதைச் சொல்லிப் புதுக் கைப்பிடி போட்டுக் கொடுத்தார். பையனைக் கூட்டத்தில் வைத்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. என் மனதில் ஆழமாகப் பதிந்தது இதுதான். தமக்குக் கீழே இருப்பவரிடம் காட்டும் சாந்தத்தை வெளிவேடமாகப் பலநாள் காட்ட இயலாது.

ஊசிக்கோபுரம் என்று ஊரார் அழைக்கும் தூய திரித்துவப் பேராலயம் 1826இல் பிரதிஷ்டை செய்யப்பட்டது. இத்தனை தலைமுறையாகச் சபையும் பள்ளிகளும் வேரூன்றிய ஊரில், கிறிஸ்தவர் கடை என்றால் மற்ற மதத்தாரும் நேர்மையை எதிர்பார்ப்பது நியாயமே. அண்ணாச்சி கடையில் வசனக் காலண்டர் தொங்குகிறது. ஆனால் வருகிறவர்களிடம் அவர் பிரசங்கம் செய்து நான் பார்த்ததில்லை.

குறைகளும் உண்டு. வேலை முடிந்தால் தொலைபேசியில் தெரிவிப்பதில்லை. வெயிலில் முதியவர்கள் வீணாக நடக்க நேரிடுகிறது. பிறர் சிரமத்தை நினைப்பதும், விசுவாசத்தை நடத்தையில் காட்டும் சாட்சியுள்ள வாழ்க்கையின் பகுதிதான் என்பதால், இதை அவர் திருத்திக்கொள்ள வேண்டும். கிறிஸ்துமஸ் நெருங்கும்போது வேலை குவிந்து தாமதமும் ஆகும். எனினும் “நாளைக்கு வாங்க” என்று இழுத்தடிக்காமல், முடியும் நாளையே சொல்லிவிடுகிறார்.

ஞாயிற்றுக்கிழமை கடை திறப்பதில்லை. செல்பவர்கள் ஜாரையும் சேர்த்து எடுத்துச் செல்லுங்கள். ஜாரின் அடியில் பிளேடின் தண்டைத் தாங்கும் புஷ் தேய்ந்து நீர் கீழே கசிந்தால் அது மோட்டாரையே கெடுத்துவிடும் என்பதால், இரண்டையும் பார்த்த பிறகுதான் அவர் கூலி சொல்வார்.