வீல் நட் இறுக்க முள்ளு டோர்க் ரென்ச்சா, கிளிக் டோர்க் ரென்ச்சா?

டயர் மாத்தினா வீல் நட்ட கொம்பனி சொன்ன அளவுக்குத்தான் இறுக்கணும் எண்டது எல்லாருக்கும் தெரியும், ஆனா கொழும்புல எத்தின பேர் செய்றம்? டயர் கடையில எயார் கன்ன வச்சு டர்ர்ர் எண்டு அடிச்சு விடுவாங்க, நாங்களும் காசக் குடுத்திட்டு வந்திடுவம். பிறகு அதிவேக பாதையில பங்சர் ஆகி ஓரத்தில நிண்டு கழட்டேக்கதான் தெரியும் அது எவ்வளவு இறுக்கம் எண்டு. அதுவும் 2020 மார்ச்சில வாகன இறக்குமதிய நிப்பாட்டினதுக்குப் பிறகு 2025 பெப்ரவரி வரைக்கும் புதுக் கார் வாறது கிட்டத்தட்ட நிண்டே போச்சு, கனபேர் பழைய காரையே ஓட்டிக்கொண்டிருக்கம், அதுல இருக்கிற ஸ்டட் (நட் ஏறுற மரைக் கம்பி) எல்லாம் எத்தின தரம் அளவுக்கு மிஞ்சி இழுபட்டிருக்கும் எண்டு ஆருக்குத் தெரியும்.

அதனால வீட்டில ஒரு டோர்க் ரென்ச் (எவ்வளவு விசையில இறுக்கிறம் எண்டு சொல்ற ரென்ச்) வச்சிருக்கிறது எண்டு முடிவெடுத்து நான் வாங்கினது முள்ளு டைப், ஸ்கேல்ல முள்ளு நகர்ந்து அளவு காட்டுறது. அதே நேரத்தில மச்சினன் தெஹிவளையில இருந்துகொண்டு ஒரு கிளிக் டைப் வாங்கினான், வச்ச அளவு வந்ததும் டக் எண்டு அடிக்கிறது. என்ட சாமானப் பாத்திட்டு "என்ன அத்தான், இது தாத்தாமார் காலத்து சாமானெல்லோ" எண்டு சிரிச்சான். அது உண்மைதான், 1930கள்லயே அமெரிக்காவில ஸ்டர்டவன்ட் எண்ட ஆள் இத விக்கத் துவங்கிட்டார். ரெண்டையும் பாவிச்சுப் பாத்திட்டுத்தான் எழுதுறன், நான் முள்ளுப் பக்கம்தான், அத மறைக்கல்ல.

முதல்ல அளவு. டொயோட்டா அக்வா, பிரியஸ் எல்லாத்துக்கும் 103 நியூட்டன் மீட்டர் (முறுக்கு விசைய அளக்கிற அலகு). ஹொண்டா ஃபிட், வெசல் 108. சுசுகி வேகன் ஆர் மாதிரி சின்னக் கார் 85. மச்சினன்ட ஃபோக்ஸ்வாகன் போலோவுக்கு நட் இல்ல, போல்ட், அது 120. உங்கட கார்ட புத்தகத்தில இருக்கும், ஜப்பான்ல இருந்து வந்த காரெண்டா புத்தகம் ஜப்பான் மொழியில இருக்கும் ஆனா நம்பர் நம்பர்தானே, பாத்தா விளங்கும்.

ஒண்டும் வாங்காம காரோட வந்த வீல் பிரேஸ்லயே வேலய முடிக்கிற ஆக்கள் நிறையப் பேர். கணக்குப் பாருங்க. பிரேஸ் 25 சென்டிமீட்டர் நீளம், 70 கிலோ ஆள் நுனியில ஏறி நிண்டா 170 நியூட்டன் மீட்டர் வரும், வேகன் ஆருக்கு அது ரெண்டு மடங்கு. குதிச்சா கேக்கவே வேணாம். கையால மட்டும் நல்லா இழுத்தா கிட்டத்தட்ட சரியா வரும் எண்டுறது உண்மை, ஆனா ஒரு நட்டுக்கு 80, பக்கத்து நட்டுக்கு 120 எண்டு வரும். எல்லா நட்டும் ஒரே மாதிரி வராட்டி பிரேக் டிஸ்க் கோணலா உக்காரும், பிறகு பிரேக் அடிக்கேக்க ஸ்டியரிங் நடுங்குது எண்டு கராஜுக்கு ஓடணும்.

டோர்க் ஸ்டிக் எண்டு கலர் கலரா கம்பி இருக்கு, எயார் கன்ல மாட்டி அடிக்கிறது, குறிப்பிட்ட அளவுக்கு மேல போனா கம்பி முறுகி மிச்ச விசையத் தானே வாங்கிக்கொள்ளும். வீட்டில எயார் கன் இல்லாதவனுக்கு அது எதுக்கு, விட்டிடுவம். டிஜிட்டல் டைப் ஒண்டு நண்பன்ட கராஜில ஒரு நாள் பிடிச்சுப் பாத்தன், கிட்ட வரேக்க பீப் பீப் எண்டு அடிச்சு நல்லாத்தான் இருந்துது, ஆனா அதுக்கு மேல சொல்ல எனக்கு அனுபவம் இல்ல. பட்டரி போட்டு மறந்து வச்சிட்டா உள்ள கசிஞ்சு பச்சை பிடிச்சுக் கிடக்கும் எண்ட பயம் மட்டும் இருக்கு, ரிமோட்டுகளுக்கு நடக்கிறதப் பாத்திருக்கிறம்தானே.

இப்ப முக்கியமான ரெண்டும். கிளிக் டைப் பாவிக்க சுகம், அதில வாதமே இல்ல. கைப்பிடியத் திருப்பி 103ல வச்சு லொக் பண்ணி, இழுத்துக்கொண்டு போனா டக் எண்டு ஒரு உதறல் கைக்கு வரும், அதோட நிப்பாட்டணும். இருட்டிலயும் செய்யலாம், ராட்செட் (கழட்டி மாட்டாமலே முன்னும் பின்னும் ஆட்டி இறுக்கிற அமைப்பு) இருக்கிறதால சுவரோட ஒட்டி நிக்கிற காருக்கும் செய்யலாம். சில பேர் கிளிக் வந்த பிறகும் "இன்னும் ஒருக்கா" எண்டு இழுப்பாங்க, அப்பிடி இழுத்தா அளவு மேல போகும், அது ஆள்ட பிழை, சாமான்ட பிழை இல்ல.

ஆனா பராமரிப்பு. நான் இதில கனக்க நேரம் எடுக்கப் போறன், ஏனெண்டா என்ட முடிவு முழுக்க இதிலதான் நிக்குது. கிளிக் டைப்புக்கு உள்ள ஒரு ஸ்பிரிங் இருக்கு. கைப்பிடியத் திருப்பேக்க அந்த ஸ்பிரிங்கத்தான் அமுக்கிறம். வேலை முடிஞ்சா திருப்பி ஆகக் குறைஞ்ச அளவுக்குக் கொண்டு வந்து வைக்கணும், அதுக்குக் கீழயும் போகக் கூடாது, முழுசாக் கழட்டி விட்டாலும் உள்ள இருக்கிற துண்டுகள் இடம் மாறும். கழட்டுறதுக்குப் பாவிக்கக் கூடாது. கீழ விழக் கூடாது. நல்லா வச்சிருந்தாலும் ஐஎஸ்ஓ 6789 எண்ட தரத்தின்படி வருஷத்துக்கு ஒருக்கா, இல்லாட்டி 5000 இழுவைக்கு ஒருக்கா செக் பண்ணிக் கலிபரேட் பண்ணணும், அதாவது காட்டுற அளவு சரியா எண்டு பாத்துத் திருத்தணும். ஃபேக்டரிக்காரர் அதச் செய்வாங்க, வருஷத்தில சில தரம் டயர் கழட்டுற நாங்க அதுக்குக் காசு கட்டுவமா? கட்ட மாட்டம். மச்சினனும் கட்டல்ல, அத விட 120ல வச்சபடியே டிக்கியில போட்டு வச்சிருந்தான், கொழும்பு வெயில்ல மூடின கார்ட டிக்கி எப்பிடிச் சுடும் எண்டு சொல்லத் தேவையில்ல.

இதெல்லாம் கூடப் பரவாயில்ல. பெரிய சிக்கல் என்னெண்டா அளவு பிழைச்சாலும் கிளிக் சத்தம் அதே மாதிரித்தான் வரும். 103 எண்டு வச்சு அது 90ல கிளிக் அடிச்சாலும் உங்களுக்குத் தெரியாது, 120ல அடிச்சாலும் தெரியாது. மனசுக்கு நிம்மதி, நட்டுக்கு இல்ல.

முள்ளு டைப்பில உள்ள எண்டு ஒண்டுமே இல்ல. ஒரு தடிச்ச இரும்புத் தண்டு, அது வளையும். பக்கத்தில ஒரு மெல்லிய கம்பி, அது வளையாது, அதுதான் முள்ளு. தண்டு வளையிற அளவுக்கு முள்ளு ஸ்கேல்ல நகரும், விட்டா திரும்பி சைபருக்கு வரும். சைபருக்கு வந்துதா, சாமான் சரி. வரல்லயா, கண்ணுக்கு முன்னாலயே தெரியுது, பெரும்பாலும் முள்ளுத்தான் கை பட்டு வளைஞ்சிருக்கும், மெதுவா நிமித்தி சைபருக்கு நேர விட்டா சரி. ஸ்பிரிங் களைக்கிறது, உள்ளுக்குள்ள கிரீஸ் காய்ஞ்சு போறது, அளவக் குறைச்சு வைக்க மறக்கிறது எண்ட கதையே இல்ல. நாங்க வெள்ளவத்தையில கடலுக்குப் பக்கத்தில இருக்கிறம், பல்கனியில வச்ச சைக்கிள் செயின் கெதியாத் துருப்பிடிக்கிற இடம், இங்க குழாய்க்குள்ள என்ன நடக்குது எண்டு தெரியாத சாமானை விட எண்ணெய்த் துணியால துடைச்சு வைக்கக் கூடிய சாமான் எனக்கு நல்லம்.

செக் பண்ணிப் பாக்கவும் செய்தம். ஒரு வெல்டிங் கடையில வைஸ் (சாமான அசையாம இறுக்கிப் பிடிக்கிற கருவி) இருந்துது, ரென்ச்சின்ட சதுர முனைய வைஸ்ல பிடிச்சு, கைப்பிடி நிலத்துக்குச் சமாந்தரமா இருக்கிற மாதிரி வச்சு, 25 கிலோ அரிசி மூட்டையக் கயித்தில கட்டித் தொங்கவிட்டம். சதுரத்தின்ட நடுவில இருந்து கயிறு வரைக்கும் 42 சென்டிமீட்டர் வந்தா கணக்குச் சரியா 103 நியூட்டன் மீட்டர், அக்வாவுக்கெண்டே அளந்து வச்ச மாதிரி. மூட்டையக் கையால தாங்கி மெதுவா விடணும், டக்கெண்டு விட்டா விசை கூடிப் போகும். என்ட முள்ளு 100க்கும் 110க்கும் நடுவில, 100 பக்கமாக் கொஞ்சம் ஒட்டி நிண்டுது, ரென்ச்சின்ட சொந்தப் பாரமும் கொஞ்சம் சேரும், அந்தளவு போதும். பிறகு மச்சினன்ட கிளிக்க அதே 42 சென்டிமீட்டர்ல மாட்டினம். அளவ 103க்கு மேல, 110 வரைக்கும் ஏத்தி வச்சும் அந்த மூட்டைக்கே கிளிக் அடிச்சுது. அதாவது அது காட்டுறதை விடக் குறைவாத்தான் இறுக்குது. இது லேப் இல்ல, கயிறு ஆடும், ஒரே ஒரு கிளிக் ரென்ச்சைத்தான் பாத்தம், எல்லாக் கிளிக்கும் இப்பிடி எண்டு நான் சொல்ல வரல்ல. நல்ல கொம்பனியின்ட புதுசு ஒண்டு நாலு வீத வித்தியாசத்துக்குள்ள நிக்கணும். ஆனா மச்சினன்ட முகத்தப் பாத்திருக்கணும் நீங்க. அதுக்குப் பிறகு தாத்தாமார் கதை வரல்ல.

இன்னொண்டு, முள்ளு ரெண்டு பக்கமும் வேலை செய்யும், கழட்டேக்கயும் முள்ளு காட்டும். நிறையக் கிளிக் ரென்ச் இறுக்கிற பக்கத்துக்கு மட்டும்தான். ஒரு டயர் கடையில பலன்ஸ் பண்ணிட்டு வந்த அடுத்த நாள் சும்மா ஒரு நட்டக் கழட்டிப் பாப்பமெண்டு இழுத்தன், முள்ளு 180ஐத் தாண்டியும் நட் அசையல்ல, அதோட விட்டிட்டு நீளக் குழாய் போட்டுத்தான் கழட்டினன், ஸ்கேலைத் தாண்டி இழுத்தா தண்டு நிரந்தரமா வளைஞ்சு போகும். கழட்டுற விசையும் இறுக்கின விசையும் ஒண்டில்ல, வழமையா கழட்டக் குறைவாத்தான் வேணும், அப்பிடியிருந்தும் 180. இதே நட்டுக்கு கிளிக்க 103ல வச்சு இழுத்தா உடன டக் எண்டு அடிக்கும், நீங்களும் "சரியா இருக்கு" எண்டு போய்ப் படுப்பீங்க. அதனால எந்த ரென்ச்செண்டாலும் எயார் கன்னுக்குப் பிறகு நட்டக் கழட்டித் திரும்ப இறுக்கினாத்தான் அர்த்தம்.

முள்ளுல குறை இல்லையா, இருக்கு. ஸ்கேல நேர மேல இருந்து பாக்கணும், சரிவாப் பாத்தா அளவு மாறித் தெரியும். வீல் நிலத்தோட இருக்கு, எங்கட அப்பார்ட்மென்ட் கீழ்த்தளப் பார்க்கிங் இருட்டு, குந்திக்கொண்டு ஃபோன் லைட்ட வாயில கவ்விக்கொண்டு பாக்கிற நிலைமை. ராட்செட் இல்ல, ஒவ்வொரு இழுவைக்கும் கழட்டி மாட்டணும். கைப்பிடி நடுவில ஒரு ஆணியில ஆடும், அது ஒரு பக்கம் தண்டுல முட்டாம ஆடினபடியே இருக்கிற மாதிரிப் பிடிச்சு இழுத்தாத்தான் அளவு சரி, இது பழக கொஞ்சம் நேரம் எடுக்கும். ஒரு நாளைக்கு இருபது கார் பாக்கிற மெக்கானிக்குக்கு இதச் சொன்னா அடிப்பான், அவனுக்குக் கிளிக்தான், கலிபரேட் பண்ற செலவும் அவன்ட தொழில்லயே வந்திடும். ஸ்ப்லிட் பீம் எண்டு ஒரு வகை கிளிக் இருக்கு, அதில அளவக் குறைச்சு வைக்கத் தேவையில்ல எண்டது நல்ல விஷயம், விலை கூட, நான் பாவிக்கல்ல.

எத வாங்கினாலும் ஸ்டட்டில எண்ணெய், கிரீஸ் பூச வேணாம். நீங்க இழுக்கிற விசையில பாதி நட் உக்காருற இடத்து உரசல்ல போகுது, மிச்சத்தில பெரும்பங்கு மரையில போகுது, பத்தில ஒரு பங்குதான் உண்மையா வீல இறுக்கிப் பிடிக்குது. கிரீஸ் போட்டு உரசலைக் குறைச்சா அதே 103க்கு ஸ்டட் கண்டபடி இழுபடும். துரு இருந்தா வயர் பிரஷ்ஷால தேச்சு விட்டாப் போதும். எதிர் எதிரா, ரெண்டு சுத்தில இறுக்கிறது, 50 - 100 கிலோமீட்டர் ஓடின பிறகு ஒருக்காப் பாக்கிறது எல்லாம் தெரிஞ்ச கதை.

வாங்கப் போறவங்களுக்கு: பழைய சோனகத் தெருவில பாக்கலாம், பஞ்சிகாவத்தைப் பக்கமும் கிடைக்கும். செகண்ட் ஹான்ட் கிளிக் எவ்வளவு மலிவா வந்தாலும் தொடாதீங்க, முன்னம் வச்சிருந்தவன் எப்பிடி வச்சிருந்தான் எண்டு வெளியில இருந்து பாத்துத் தெரியாது. செகண்ட் ஹான்ட் முள்ளெண்டா தண்டு நேரா, முள்ளு சைபர்ல எண்டு கடையிலயே பாத்திட்டு வாங்கலாம், திரும்ப விக்கவும் அதையே காட்டி விக்கலாம். ஸ்கேல் என்ன அளவில இருக்கு எண்டு பாருங்க, அக்வாட 103 எண்டது அடி-பவுண்டில 76, கிலோகிராம்ஃபோர்ஸ்-மீட்டர்ல 10.5. அடி-பவுண்ட் ஸ்கேல்ல 103 வரைக்கும் இழுத்தா 140 நியூட்டன் மீட்டர் ஆகிடும். நட்டில மாட்டுற சொக்கெட் வேறயா வாங்கணும், அக்வாவுக்கு 21 மில்லிமீட்டர், ஃபிட்டுக்கும் வேகன் ஆருக்கும் 19, அலோய் வீல் ஓட்டை ஒடுக்கமா இருந்தா சுவர் மெல்லிசான நீள சொக்கெட்டாக் கேளுங்க, தடிச்சது உள்ள போகாம ரிம்மக் கீறும்.